ஸனது இல்லாத கதைகள்: பொது உளவியல் பாடநூல்களைப் படித்தபின்

எங்கள் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றிக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் உளவியல் இளங்கலை படித்து வருகிறார். சென்ற ஷஃபான் மாதத்தில் என்னைக் காண வந்தவர், கனமான ஆங்கில நூலொன்றை மேசைமீது வைத்தார். முதலாண்டுக்குரிய பொது உளவியல் பாடநூல் அது. "ஹள்ரத், ஒருநாள் படித்தால் இதெல்லாம் நம் இமாம்கள் சொன்னதுதானே என்று தோன்றுகிறது. மறுநாள் படித்தால் ஈமானுக்கு இதில் ஆபத்து இருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது. தாங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

ரமளான் விடுமுறையில் அந்நூலையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கிய வேறு மூன்று பொது உளவியல் நூல்களையும் படித்து முடித்தேன். முதுகலை படித்த காலத்தில் தத்துவத் தாளுக்காக அரைகுறையாகப் புரட்டியவற்றை இம்முறை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. மாணவரின் இரண்டு எண்ணங்களில் எதுவும் எனக்கு முதன்மையாகப் படவில்லை. ஹதீஸ் கலையை முப்பதாண்டுகளாகப் போதித்து வருபவனின் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பொது உளவியல் நூலின் கட்டமைப்பு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக மாறவில்லை. துறையின் இலக்கணமும் வரலாறும், ஆய்வு முறைகள், மூளையும் நரம்பு மண்டலமும், புலன்களும் புலனறிவும், கற்றல், நினைவு, ஊக்கமும் உணர்ச்சியும், நுண்ணறிவு, ஆளுமை, மனநோய்கள், சமூக நடத்தை என்று இயல்கள் வரிசைப்படும். இவ்வமைப்புக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 1890-இல் இரு பெருந்தொகுதிகளாக அவர் தம் நூலை வெளியிட்டார். வகுப்புக்கு அது பெரிதாயிருந்தமையால் 1892-இல் சுருக்கப் பதிப்பொன்றை அவரே தந்தார். மாணவர்கள் பெரியதை 'ஜேம்ஸ்' என்றும் சிறியதை 'ஜிம்மி' என்றும் அழைத்தார்களாம். தஃப்தாஸானியின் 'முதவ்வல்', 'முக்தஸர்' இரண்டையும் சுமந்த நமக்கு இந்த நிலைமை நன்கு விளங்கும். ஆனால் முக்தஸரிலிருந்து ஐயம் எழுந்தால் முதவ்வலுக்குத் திரும்பும் பழக்கம் நம்மிடம் இருந்தது. இன்றைய உளவியல் பாடநூல்களோ மூலநூல்களைச் சுருக்கியவை அல்ல; பெரும்பாலும் ஒன்றையொன்று சுருக்கியவை. குறை அங்கேதான் தொடங்குகிறது.

இந்நூல்களில் மாணவன் மனத்தில் நிலைத்து நிற்பவை வரையறைகள் அல்ல, கதைகள். குழந்தை ஆல்பர்ட்டின் கதை, நியூயார்க்கில் கொலையுண்ட பெண்ணின் கதை, ஸ்டான்ஃபோர்டு சிறைச்சாலையின் கதை. தேர்வு முடிந்து பத்தாண்டு கழித்தும் பட்டதாரியின் நினைவில் எஞ்சுபவை இவைதாம். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுகளில் பள்ளிவாசல் மூலைகளில் அமர்ந்து கதை சொன்ன 'குஸ்ஸாஸ்' என்பாரைப் பற்றி இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) தனி நூலே எழுதினார். ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் பொய்களை எச்சரிக்க இன்னொரு நூல் எழுதினார். பாடநூல்களைப் படிக்கையில் அந்த மூலைகளே என் நினைவுக்கு வந்தன.

குழந்தை ஆல்பர்ட்டை எடுத்துக்கொள்வோம். 1920-இல் ஜான் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரோசலி ரேனரும் வெளியிட்ட ஆய்வு அது. பால்டிமோரில் மருத்துவமனைச் சூழலில் வளர்ந்த, ஏறத்தாழ பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலி ஒன்றைக் காட்டினர். குழந்தை அதற்கு அஞ்சவில்லை. பின்னர் எலியைத் தொட முயன்ற வேளைகளில் குழந்தையின் பின்னால் இரும்புத் தண்டொன்றைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். ஒரு வார இடைவெளியில் இரண்டு அமர்வுகளாக, மொத்தம் ஏழு முறை. அதன்பின் எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுதது. முயல், நாய், உரோமச் சட்டை ஆகியவற்றைக் கண்டும் பல்வேறு அளவில் அஞ்சியது. சில வாரங்களில் குழந்தை அவ்விடத்தைவிட்டு அழைத்துச் செல்லப்பட்டது. ஊட்டிய அச்சத்தை நீக்க எவரும் எதுவும் செய்யவில்லை. மூலக் கட்டுரையில் உள்ளது இவ்வளவே.

பென் ஹாரிஸ் என்னும் உளவியலாளர், இக்கதை பாடநூல்களில் எவ்வாறு வழங்கி வந்துள்ளது என்பதை ஆராய்ந்து 1979-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் இதழொன்றில் எழுதினார். அவர் கண்டவை ஒரு ஹதீஸ் மாணவனை நிமிர்ந்து உட்காரச் செய்யும். சில நூல்களில் குழந்தையின் வயது மாறியிருந்தது. சிலவற்றில் எலி முயலாகியிருந்தது. அச்சமூட்டிய பொருள்களின் பட்டியலில் மூலத்தில் இல்லாத கரடிப் பொம்மையும் பூனையும் சேர்ந்திருந்தன. ஒரு நூலில் குழந்தையின் அத்தையே சேர்ந்துவிட்டாள்! இவற்றையெல்லாம்விடக் கவனத்துக்குரியது, சில ஆசிரியர்கள் கதைக்கு ஒரு நல்ல முடிவையும் எழுதியிருந்தமை: குழந்தையின் அச்சத்தை வாட்சன் பின்னர் பக்குவமாக நீக்கிவிட்டாராம்.

மூல வாசகத்தோடு அறிவிப்பாளர் தம் சொல்லைக் கலந்துவிடுவதை நம் முஹத்திஸ்கள் 'இத்ராஜ்' என்பர். கலந்தவர் எப்போதும் தீயவராக இருப்பதில்லை. மக்களை நல்வழிக்குத் திருப்பவே இட்டுக்கட்டியதாகக் கூறிக்கொண்ட வணக்கசாலிகள் சிலரை முஸ்தலஹ் நூல்கள் தனியே குறித்துவைத்துள்ளன. அவர்களுடைய பொய்யே மிகக் கேடானது, ஏனெனில் மக்கள் அவர்களை நம்பினர் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. ஆல்பர்ட்டின் கதைக்கு நன்முடிவு எழுதியவரும் இவ்வகையினரே. ஒரு பச்சிளங்குழந்தைக்கு அச்சத்தை ஊட்டி அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதைப் பதினெட்டு வயது மாணவனிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதன் விளைவாக, அந்த ஆய்வைப் பற்றி மாணவன் கேட்டிருக்க வேண்டிய முதன்மையான கேள்வி, கேட்கப்படாமலே போயிற்று.

இங்கே என் துறைக்கும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். பக்தாதின் ருஸாஃபா பள்ளியில் ஒரு கதைசொல்லி, இமாம் அஹ்மத் (ரஹ்), யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) இருவரின் பெயரால் அவர்கள் முன்னிலையிலேயே பொய் ஹதீஸ் சொன்ன நிகழ்ச்சியை நாங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் சுவையாகச் சொல்லிவருகிறோம். தஹபீ (ரஹ்) தம் 'மீஸான்' நூலில், அந்நிகழ்ச்சியை அறிவிக்கும் ஒருவரை இன்னாரென்று தெரியவில்லை என்று கூறி, கதையையே ஐயத்துக்குரியதாக ஆக்கியிருக்கிறார். கதைசொல்லிகளை எச்சரிக்க நாங்கள் சொல்லும் கதையின் நிலை இது!

நியூயார்க் நிகழ்ச்சிக்கு வருவோம். 1964 மார்ச் 13 அதிகாலையில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தம் குடியிருப்பின் அருகே கொலையுண்டார். இரண்டு வாரம் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், முப்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தனர், தாக்குதல் நிகழ்ந்தபோது ஒருவரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று எழுதியது. அன்று முதல் அந்த முப்பத்தெட்டுப் பேர் எல்லாப் பாடநூல்களிலும் குடியேறிவிட்டனர். 2007-இல் மூன்று ஆய்வாளர்கள் வழக்கு ஆவணங்களைப் பரிசீலித்து, முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றதற்குச் சான்றில்லை என்று காட்டினர். அயல்வீட்டுப் பெண்ணொருவர் ஓடிவந்து இறக்கும் தறுவாயிலிருந்தவரைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் பதிவாகியுள்ளது. 2016-இல் கொலையாளி சிறையில் இறந்தபோது, தன் பழைய செய்தி பிழையானதென்று அந்நாளிதழே ஒப்புக்கொண்டது.

ஆயினும் இங்கு நிதானம் வேண்டும். அச்செய்தியால் தூண்டப்பெற்று டார்லி, லட்டானே இருவரும் நடத்தி 1968-இல் வெளியிட்ட ஆய்வு வேறு. ஒருவர் வலிப்பால் தவிக்கும் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உடனே உதவி நாடினர். தன்னோடு வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். கூட்டம் பெருகப் பொறுப்புணர்வு பங்கிடப்படுகிறது என்ற கருத்துக்கு இது தனியான சான்று. ஒரு வழியில் வந்த ஸனது பலவீனமானது என்பதால் மத்னையே தள்ளிவிட முடியாது. வேறு வழியில் அது உறுதிப்படக்கூடும். இந்த அடிப்படைப் பாகுபாட்டை நம் மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே கற்றுவிடுகிறார்கள். பாடநூல் ஆசிரியர்களோ நாளிதழ்ச் செய்தியையும் ஆய்வையும் ஒரே பத்தியில் ஒரே குரலில் சொல்லிச் செல்கின்றனர்.

ஸ்டான்ஃபோர்டு சிறைக்கதை இதனினும் நலிந்தது. 1971 ஆகஸ்டில் ஃபிலிப் சிம்பார்டோ, மாணவர்களைக் காவலராகவும் கைதியாகவும் பிரித்து, இரு வாரத் திட்டத்தை ஆறே நாளில் நிறுத்த நேர்ந்தது. சாதாரண மனிதனுக்குச் சீருடை தந்தால் தானாகவே கொடுங்கோலனாகிவிடுவான் என்பது அதிலிருந்து பெறப்பட்ட பாடம். அந்தத் 'தானாகவே' என்னும் சொல்தான் இப்போது நிற்கவில்லை. திபோ லெ டெக்ஸியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆவணக் காப்பகத்தைத் துருவி 2018-இல் நூலாகவும் 2019-இல் கட்டுரையாகவும் வெளியிட்டவற்றின்படி, காவலர்களாக நடித்தவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று முன்னதாகவே அறிவுறுத்தப்பட்டிருந்தனர். 2002-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இன்னொரு சிறை ஆய்வில் காவலர்கள் கொடியவர்களாக மாறவுமில்லை.

மாஸ்லோவின் கூம்பைப் பற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது. மனிதத் தேவைகளைப் படிநிலைகளாக ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் கூம்பு எதுவும் இல்லை. 1960-இல் மேலாண்மை ஆலோசகர் ஒருவரின் கட்டுரையில் அவ்வடிவம் இடம்பெற்று, பின்னர் மாஸ்லோவின் பெயரிலேயே உலவத் தொடங்கியதாக 2019-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நானோ ஒரு மீலாது விழாச் சொற்பொழிவில் அக்கூம்பை விரலால் காற்றில் வரைந்து காட்டி, இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்களின் ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் பாகுபாட்டோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறேன். எனக்கிருந்த ஸனது, ஒரு நாட்காட்டியின் பின்பக்கம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, மேற்கின் உளவியல் பொய்' என்று மிம்பரில் முழங்க எவரேனும் ஆயத்தமானால் அவரைத் தடுக்கவே விரும்புகிறேன். ஹாரிஸ் உளவியலாளர். ஜெனோவீஸ் கதையைப் பிரித்து ஆராய்ந்தவர்களும் உளவியலாளர்கள். 2015-இல் 'ஸயன்ஸ்' இதழில் பெருங்குழுவொன்று, முன்பு வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்து முடிவுகளை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் பொருள் உடைய முடிவைத் தந்திருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. தம் துறையின் பெயர் கெடும் என்று அஞ்சாமல் இதை வெளியிட்டவர்களும் அத்துறையினரே. அறிவிப்பாளர்களைக் குறைகூறுவது புறம்பேசுதல் ஆகாதா என்று கேட்கப்பட்டபோது, இது தீனைக் காக்கும் கடமை என்று ஜர்ஹு-தஅதீல் இமாம்கள் நின்றார்களே, அந்த நேர்மையின் சாயலை நான் இங்குக் காண்கிறேன். குறை அந்தக் கலையில் அன்று. கலை தன்னைத் திருத்திக்கொண்ட செய்தி அறிமுக நூலுக்கு வந்துசேர இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கின்றன. வந்தாலும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக ஒதுங்கிக்கொள்கிறது.

இந்நூல்களில் எனக்கு மிகவும் உவப்பாயிருந்தது, மாணவர்கள் தாவிச் செல்லும் இரண்டாம் இயல், அதாவது ஆய்வு முறைகள். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதை அவ்வியல் பொறுமையாக விளக்குகிறது. உஸூலுல் ஃபிக்ஹ் படித்தவர்க்கு இது புதிதன்று. 'இல்லத்' எனும் காரணத்தைக் கண்டறியும் வழிகளுள் 'தவரான்' என்று ஒன்றுண்டு. திராட்சைச் சாறு ஹலால், போதையேறினால் ஹராம், காடியாக மாறிப் போதை நீங்கினால் மீண்டும் ஹலால். போதை வந்தபோது விலக்கு வந்தது, போனபோது போனது. ஆகவே போதையே காரணம் என்பர். உடனே எதிர்த்தரப்பார், மதுவுக்கே உரிய அந்த நாற்றமும் கூடவே வந்து கூடவே போகிறதே, அதைக் காரணம் என்பீர்களா என்று மடக்குவர். இந்த ஒரு வினாவை ஊன்றிப் படித்த மாணவனுக்குக் கட்டுப்பாட்டுக் குழு எதற்கென்று அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். மத்ரஸாவில் படித்தவர்கள் உளவியலுக்கு வெறுங்கையோடு போகவில்லை என்று நான் சொல்வது இப்பொருளில்தான்.

மூளை, நரம்பு மண்டலம் பற்றிய இயல்களில் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நினைவு பற்றிய இயலில் எபிங்ஹவுஸ் வருகிறார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்து, மறதியின் வேகத்தை அளந்து 1885-இல் வெளியிட்டவர். ஒரே மூச்சில் ஓதுவதைவிட இடைவெளிவிட்டு ஓதுவதே நிலைக்கும் என்று அவர் கண்டதை நம் ஹிஃப்ளு மத்ரஸாக்களின் தவ்ர் முறை நடைமுறையில் அறிந்தே வைத்திருந்தது. ஆனால் நாம் அதை அளந்து பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

'பொது' உளவியல் என்ற பெயரில் உள்ள 'பொது' யாருக்குப் பொது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க உளவியல் கழகத்தின் முதன்மை இதழ்கள் சிலவற்றில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளை ஜெஃப்ரி ஆர்னெட் கணக்கிட்டு 2008-இல் எழுதினார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர். 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டினர். அந்நாடுகளின் மக்கள்தொகை உலகில் 12 விழுக்காடே. இது வெறும் எண்ணிக்கைக் குறைபாடன்று. சமநீளமுள்ள இரு கோடுகளின் முனைகளில் அம்புக்குறிகளை உள்நோக்கியும் வெளிநோக்கியும் இட்டால் ஒன்று நீளமாகத் தெரியும் என்ற முல்லர்-லயர் படம் இல்லாத பாடநூலே இல்லை. அதை மனிதக் கண்ணின் இயல்பென்றே மாணவன் எண்ணிக்கொள்கிறான். 1966-இல் சீகலும் இருவரும் வெளியிட்ட ஒப்பாய்வில், அம்மயக்கத்தின் அளவு சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் வேறுபட்டது; கலஹாரிப் பாலைவனத்து வேட்டுவக் குடியினர் அதற்கு அநேகமாக ஆட்படவேயில்லை. காணுதலே இடத்துக்கு இடம் வேறுபடுமாயின், வெட்கம், துக்கம், தவக்குல் போன்றவற்றைப் பற்றி அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் கேட்டுப் பொது விதி வகுக்க இயலுமா? நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இலேயே உளவியல் துறை கண்டது. நூறாண்டு கடந்தும் நம் மாணவனின் பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கடல்கடந்தே வருகின்றன.

இனி நம் பக்கம். பாடநூலின் வரலாற்று இயல் கிரேக்கரில் தொடங்கி, ஒரே தாவலில் ஐரோப்பாவுக்குப் போய், 1879-இல் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் இறங்குகிறது. இடையில் ஓராயிரம் ஆண்டு விடுபடுவதைக் கண்டு நம்மவர்கள் கொதிப்பது நியாயமே. இப்னுல் ஹைஸம், பார்வை என்பது கண்ணில் மட்டும் நிகழ்வதன்று, நாம் உணராத வேகத்தில் நிகழும் ஓர் அனுமானமும் அதில் உண்டு என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் விரிவாக எழுதியிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸை மட்டும் சொல்லி நிறுத்துவது அறிவு நேர்மையாகாது.

ஆனால் கொதிப்பில் நாம் எழுதுகிற மறுப்புகளின் தரம் என்ன? ஆண்டுமலர்களில் திரும்பத் திரும்ப வரும் கதையொன்று: தன்னைப் பசு என்று எண்ணி, என்னை அறுங்கள் என்று கதறிய இளவரசனை, இப்னு சீனா கசாப்புக்காரர் வேடத்தில் வந்து, மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள் என்று சொல்லிக் குணப்படுத்தினாராம். இக்கதை நிளாமீ அரூளீயின் 'சஹார் மகாலா' என்ற பாரசீக நூலில் வருகிறது. அந்நூல் எழுந்தது இப்னு சீனா மறைந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து. நாடி பிடித்துக் காதல் நோயைக் கண்டறிந்த கதையும் அங்கிருந்தே வருகிறது. அதை ஒத்த கதை கிரேக்க மருத்துவர் எராஸிஸ்ட்ராட்டஸைப் பற்றி அதற்குப் பன்னூறாண்டு முன்பே வழங்கியது. நாடிமுறையைப் பற்றி இப்னு சீனாவே 'கானூன்' நூலில் எழுதியிருக்கிறார் என்பதால் அதற்காவது ஒரு மூலம் உண்டு. பசுக்கதைக்கு அதுவும் இல்லை. ஆல்பர்ட்டின் அத்தையைக் கண்டு நகைத்த நாம் நம் பசுவை என்ன செய்வது?

அபூ ஸைத் அல்பல்கீயின் (மறைவு ஹிஜ்ரி 322) நிலை இதற்கு மாறானது. அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' கையெழுத்துப் படியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஃபுவாத் ஸெஸ்கின் 1984-இல் அதன் நிழற்பதிப்பை ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார். உள்ளத்தின் நலம் பற்றிய பகுதியை மாலிக் பத்ரீ ஆங்கிலமாக்கி 2013-இல் வெளியிட்டார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் பல்கீ தனித்தனியே ஆராய்கிறார். உடல்நலத்தோடு இருக்கும்போதே அவசரத்துக்கென மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், மனம் தெளிந்திருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவர் சொல்லும் இடம் இன்றும் பயன் தரத்தக்கது. ஆயினும் அவரை 'நவீன உளச்சிகிச்சையின் தந்தை' என்று கூறுவதை நான் ஏற்பதற்கில்லை. தந்தை என்றால் பிள்ளைக்கும் அவருக்கும் தொடர்பு வேண்டும். நூலகத்தில் உறங்கிய படியை இன்றைய சிகிச்சை முறைகளை வகுத்தவர்கள் கண்டதில்லை. அவர் முந்தியவர், அவ்வளவே சொல்லலாம், அதுவே பெருமைதான். அவருடைய நூலை நம் கல்லூரிகளில் எத்தனைப் பேர் அரபியில் திறந்து பார்த்திருக்கிறோம் என்பது சங்கடமான வேறு கேள்வி.

முறையான மறுமொழிக்கு ஒரு முன்மாதிரி கெய்ரோவில் கிடைக்கிறது. யூஸுஃப் முராத் 1948-இல் 'மபாதிஉ இல்மின் நஃப்ஸில் ஆம்', அதாவது பொது உளவியலின் அடிப்படைகள் என்ற பெயரில் அரபியிலேயே ஒரு பாடநூல் எழுதினார். முஸ்தஃபா ஸீவருடன் சேர்ந்து 1945 முதல் 1953 வரை உளவியலுக்கென்றே ஓர் இதழும் நடத்தினார். ஃப்ராய்டின் நனவிலி என்ற கருத்துக்கு அவர் இப்னு அரபீயிடமிருந்து 'அல்லாஷுஊர்' என்ற சொல்லை எடுத்தாண்டார். எல்லாம் எங்களிடமே இருந்தது என்று அவர் முழங்கவில்லை. புதிய கலையைத் தம் மொழியின் பழைய சொற்களில் சிந்திக்க முற்பட்டார். தமிழில் நமக்கு இவ்வேலை மீதமிருக்கிறது. நஃப்ஸ், கல்பு, ரூஹ், அக்ல் நான்கையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில், உள்ளத்தின் விந்தைகள் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே பிரித்து விளக்கிவிட்டுத்தான் மேலே செல்கிறார். நம் மொழிபெயர்ப்புகளில் நான்கும் 'மனம்' ஆகிவிடுகின்றன. பிறகு பாடநூலின் மனமும் இஹ்யாவின் மனமும் ஒன்றென்று நினைத்து ஒரு தரப்பும், முரண் என்று நினைத்து மறு தரப்பும் வாதிடுகின்றன. என் மாணவரின் இரு எண்ணங்களும் இந்தச் சொல்குழப்பத்தில் பிறந்தவை என்றே கருதுகிறேன்.

இவையெல்லாம் ஏட்டு விவகாரம் என்று எண்ணுவோர்க்கு என் தவறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், வேறொரு மத்ரஸாவில், கெட்டிக்கார மாணவர் ஒருவர் ஃபஜ்ருக்கு உளூச் செய்ய ஹவ்ளில் அமர்ந்தால் ஜமாஅத் முடியும்வரை எழமாட்டார். கை நனைந்ததா என்ற ஐயம், மீண்டும் கழுவுவார். தக்பீர் கட்டியபின் நிய்யத்தில் ஐயம், மீண்டும் கட்டுவார். வஸ்வாஸுக்கு மருந்து அதைப் பொருட்படுத்தாமல் விடுவதே என்று இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) ஃபத்வா அளித்திருப்பதை அறிந்திருந்தேன். அதை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், சற்று வேடிக்கை கலந்து, அவரிடம் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் போய்விட்டார். பிறகு ஓதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து இந்த ரமளானில், மனநோய்கள் பற்றிய இயலில் அம்மாணவரை அப்படியே கண்டேன். கழுவுதல், சரிபார்த்தல், தாங்க முடியாத பதற்றம், மீண்டும் செய்ததும் கிடைக்கும் சிறிது நேர நிம்மதி, அந்த நிம்மதியே நோயை வளர்க்கும் விதம். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இத்தகைய இரு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை வெளியிட்டார்: அஞ்சும் பொருளை எதிர்கொள்ளச் செய்து, சடங்கைச் செய்யவிடாமல், பதற்றம் தானே தணியும்வரை ஆள்கள் உடனிருந்தார்கள். 'பொருட்படுத்தாதே' என்ற ஃபத்வாவும் இதுவும் ஒரே திசையில்தான் போகின்றன. நான் சொன்ன சொல் சரி. உடனிருக்க ஒருவர் வேண்டும், நாள்கணக்கில் வேண்டும், அது நகைப்புக்குரிய குணமன்று, நோய் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. முதலாண்டுப் பாடநூலை நான் அன்று ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்துவரப்பட்டுச் சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கீற்றுக் கொட்டகையில் தீக்கிரையானார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. நோயாளியின் வீட்டார் முதலில் கலந்தாலோசிப்பது பெரும்பாலும் மருத்துவரை அல்ல, பள்ளிவாசல் இமாமையே. அந்த இமாமுக்கு ஜின், கண்ணேறு பற்றி மட்டும் தெரிந்திருப்பது போதுமா என்பதை ஆலிம்களாகிய நாமே நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

பெருநாள் கழித்து வந்த மாணவரிடம் நூலைத் திருப்பித் தந்தேன். ஈமானுக்கு ஆபத்து இருக்கிறதா என்பதற்கு, இரண்டாம் இயலை இருமுறை படியுங்கள், பிறகு மற்ற இயல்களில் எந்தக் கூற்றுக்கும் 'யார் சொன்னார், யாரிடம் சோதித்தார், திரும்பச் செய்தார்களா' என்று கேளுங்கள் என்று சொன்னேன். ஆல்பர்ட், ஜெனோவீஸ், சிறைச்சாலை வரும் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் 'ஸனது?' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். தேர்வு நெருங்குகிறது, ஆல்பர்ட் ஆய்வைப் பற்றிக் கட்டாயம் ஒரு வினா வருமாம். பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், ஹாரிஸ் சொன்னதை எழுதினால் திருத்துபவர் என்ன நினைப்பாரோ என்று தயங்கினார். வாட்சனின் கட்டுரையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், முடிவில் குழந்தையின் அச்சம் நீக்கப்படவில்லை என்று ஒரு வரி சேருங்கள் என்றேன். அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் குறைப்பார்களா, ஹள்ரத், என்று கேட்டார். குறைக்கக்கூடும் என்றுதான் சொல்ல முடிந்தது.